ஹாலுக்குப் புதுக் காற்றாடி

மலாக்காவில் பாயா ரும்புட்டில் மங்களத்தின் வீட்டு ஹாலில் தொங்கிய காற்றாடிக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றில் திருப்பினால் சுற்றாது, உறுமிக்கொண்டே நிற்கும். முதலில் ஐந்தில் வைத்து, அது முக்கி முனகிக் கிளம்பிய பிறகுதான் மூன்றுக்கு இறக்க வேண்டும். இறக்கினால் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதிலிருந்து மங்களம் ஹாலிலேயே பாயை விரித்துப் படுக்கிறாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பாசம் என்று சொல்லிவிட முடியாது. கழற்றி வேறு மாட்ட வீட்டில் ஆள் இல்லை, அதனால் அது அங்கேயே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து மகன் புவனேஷ் வீடியோவில் வந்தான்.

"அம்மா, ஹாலுக்குப் புதுக் காத்தாடி ஆர்டர் பண்ணியிருக்கேன். ரிமோட் வெச்சது, லைட்டும் அதுலயே இருக்கு. இந்த வாரம் பார்சல் வந்துடும், வாங்கி வைங்க. டவுன்ல ஹனிபா பாய் கிட்ட பேசிட்டேன், அவரே வந்து மாட்டிடுவாரு."

"எதுக்குய்யா இப்போ? இதுதான் ஓடுதுல்ல?"

"எங்கம்மா ஓடுது, இழுத்துக்கிட்டுல்ல கெடக்குது! வீட்டைக் கொஞ்சம் நல்லா பண்ணணும்மா. அப்புறம் பெயிண்டும் அடிக்கணும். எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

அவன் இவ்வளவுதான் சொன்னான். மீதியை மங்களம் தானே சேர்த்துக்கொண்டாள். சேர்த்துக்கொள்ள அவளிடம் காரணமும் இருந்தது. போன முறை புவனேஷ் மனைவி ராகினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, முதல் ராத்திரியே பிள்ளைகள் புழுங்கிப்போய் அழுதன. சின்னது அந்த 'டொக் டொக்'கைக் கேட்டுப் பயந்து தாயின் கழுத்தை விடவில்லை. விடிந்ததும் நால்வரும் டவுனில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். பகலில் வந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் விருந்தாளி மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்த புதுத் தலையணைகளை மங்களம் உறை பிரிக்காமலேயே அலமாரியில் ஏற்றினாள். அந்தக் காற்றாடியைத்தான் இப்போது மாற்றச் சொல்கிறான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறான். வேறு எதற்கு? புவனேஷ் திரும்பி வருகிறான்.

அன்று மத்தியானமே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு நளினியிடம் சொல்லிவிட்டாள்.

நளினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அதென்னக்கா, பெர்த்த விட்டுட்டு பாயா ரும்புட்டுக்கு வர்றதுக்கு இத்தன நாளா இந்தக் காத்தாடிதான் குறுக்க நின்னுச்சா?"

"உனக்கு எப்பவும் நக்கல்தான்டி. அவன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அவங்க அப்பா மாதிரி. செஞ்சு காட்டுவான்."

"வரட்டும் லா, நல்லதுதானே. பிள்ளைங்களுக்குத் தமிழ் வருமா?"

"வரலைன்னா கத்துக் குடுத்தா போச்சு."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போய், பேரப்பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா என்று ஆபீசில் விசாரித்தாள். அங்கிருந்த பெண் சிரித்த முகமாக, "அப்பா அம்மாவே வந்து எழுதணும் பாட்டி. இடமெல்லாம் இருக்கு, வாங்க" என்றாள். இடம் இருக்கிறது என்பதை மங்களம் வருகிற வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலிலும் சொன்னாள். மகனையும் மகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அங்கே நாலைந்து பேர் உண்டு. அவர்கள் முகம் சுருங்கியதைப் பார்க்க, பாவம் என்றும் இருந்தது, கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

ஹனிபா பாய் சனிக்கிழமை காலையில் வேனில் ஏணியோடு வந்தார். டவுனில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், வயரிங் வேலையும் செய்வார். வந்ததும் மெயின் சுவிட்சை அடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஹால் மங்கலாகி, உடனே புழுங்க ஆரம்பித்தது. மங்களம் பழைய கைலி ஒன்றைத் தரையில் விரித்து, பாய்க்கு டீ கலக்கி வைத்தாள்.

ஏணியில் ஏறி அவர் கூரையோரக் கிண்ணத்தைக் கழற்றியதும் தூசி பொலபொலவென்று கொட்டியது.

"அலாமா! இதுல ஒரு தோட்டம் போடலாம் போலிருக்கேக்கா!"

"எனக்குக் கை எட்டணும்ல பாய்? யாரு ஏறித் தொடைப்பா?"

இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். பிறகு மோட்டாரைத் தூக்கி இறக்கிக் கைலியின் மேல் வைத்தார். மேலே வெறும் கொக்கியும் இரண்டு வயரும் தொங்கின. கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கொக்கி. யானையக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும்" என்றார்.

"நல்லா இறுக்கி மாட்டுங்க. பேரப்பிள்ளைங்க தலைக்கு மேல சுத்தப் போறது."

"பேரப்பிள்ளைங்க வர்றாங்களா? மாஷா அல்லா. எப்போ?"

"பின்ன இதெல்லாம் யாருக்கு? அவன் இன்னும் தேதி சொல்லல."

ஹனிபா புதுக் காற்றாடிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே பேசினார். "அப்போ அவங்க வந்துட்டுப் போன பிறகுதான் திறப்பீங்களா? தம்பி அடுத்த மாசமே திறக்கணும்னு அவசரப்படுத்தினாரே. வாசக்கதவுக்கு நம்பர் லாக்கும் என்கிட்டதான் சொல்லியிருக்காரு. அதைப் போட்டுட்டா சாவி கொடுக்கற தொல்லை இல்லக்கா. கெஸ்டுக்கு நம்பரை அனுப்பிட்டா அவங்களே திறந்துக்கிட்டு வந்துடுவாங்க."

"யாரு கெஸ்டு?"

ஹனிபா நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பாதி சொல்லியாகிவிட்டது.

"ஹோம்ஸ்டேக்கா. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கறாருல்ல தம்பி? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மலாக்காவில் இருப்பவர்களுக்கு ஹோம்ஸ்டேயைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. சனி ஞாயிறு வந்தால் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வந்து குவியும். வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டே பாதிக் குடியிருப்புத் தாமான்கள் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. மங்களத்தின் வரிசையிலேயே கோடி வீடு அப்படித்தான். அங்கே தங்குகிறவர்கள் காரை அவள் கேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போவார்கள். அவள் போய்ச் சத்தம் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் முன்பு இருந்த கிழவர் என்ன ஆனார் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"இது என் வீடு பாய்" என்றாள்.

"தெரியும்க்கா. வீடு யார் பேருல இருக்கு?"

அவர் உள்நோக்கத்தோடு கேட்கவில்லை, யாரும் கேட்கிற கேள்விதான். மங்களம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வீடு புவனேஷ் பேரில்தான் இருந்தது. யாரும் ஏமாற்றி எழுதி வாங்கவில்லை, அழுது கெஞ்சிக் கேட்கவுமில்லை. மங்களமே அவனைக் கூப்பிட்டு எழுதிக் கொடுத்தாள்.

அவள் பிறந்தது ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில். அங்கே வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. செக்ரோல் என்ற ஆள் பதிவில் யாருக்குப் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் லயத்தில் வீடு. அப்பா பிச்சைமுத்துவுக்கு வேலை வயது முடிந்து பேரை வெட்டியபோது, வீட்டில் வேறு யாராவது வேலைக்குப் பேர் கொடுத்தால் இருக்கலாம், இல்லையென்றால் காலி பண்ண வேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி சொல்லி அனுப்பினார். அண்ணன்மார் இல்லை. மங்களம் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் விடியலில் பால்வாளியோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். ஆறு உயிர் ஒரு கூரைக்குக் கீழே கிடந்தது அவள் பேரினால்தான். அந்த வயதில் அது பாரமாகத் தெரியவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு லாரி ஓட்டும் முனுசாமியைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டை விட்டு வந்தாள். ஆயர் குரோ பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இருவர் சம்பளத்திலும் வங்கிக்குக் கட்டிக் கட்டி இந்த வீடு சொந்தமானது. முனுசாமி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கும் தொழிற்சாலையில் வயது முடிந்தது. முடிந்த அந்த வாரமே, அப்போது கோலாலம்பூரில் வேலையிலிருந்த புவனேஷை லீவு போட்டு வரச் சொன்னாள். லேண்ட் ஆபீசுக்குப் போய் வீட்டுக் கிராண்டில், அந்த உரிமைப் பத்திரத்தில், பேர் மாற்ற வேண்டும்.

"எதுக்கும்மா இப்பவே? உங்க பேருலயே இருக்கட்டுமே" என்றுதான் அவன் சொன்னான்.

"வேலையில இருக்கறவன் பேருலதான்யா வீடு இருக்கணும். எனக்குத்தான் பேரு வெட்டியாச்சே."

யாரும் எதையும் வெட்டியிருக்கவில்லை. கிராண்டில் ஏறிய பேரை எந்தக் கிராணியும் வந்து அடிக்க முடியாது. இதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாளோ என்னவோ. வேலையில் இல்லாத ஒருத்தி பேரில் வீடு நிற்கும் என்பதை அவள் அதுவரை எங்கேயும் கண்டதில்லை. பேர் மாற்றி முடிந்த நாள் மகனுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, ஒரு பெரிய வேலையை முடித்தவள் மாதிரி பஸ் ஏறி வந்தாள்.

இப்போது போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"அம்மா, பிள்ளைங்களோட நீச்சல் கிளாசுக்கு வந்திருக்கேன். அப்புறம் கூப்பிடட்டுமா?"

"அப்புறம் வேணாம். இப்போ சொல்லு. நம்பர் லாக் யாருக்கு?"

தண்ணீர்ச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. பிறகு அவன் எங்கேயோ நடந்து போனான், சத்தம் அடங்கியது.

"பாய் சொல்லிட்டாரா? நானே நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன்மா."

"நீ வர்றதுக்குள்ள காத்தாடி வந்துடுச்சே."

"அப்படிப் பேசாதீங்கம்மா. இங்க நெலம உங்களுக்குத் தெரியாது. ஆபீஸ்ல போன மாசம் பாதிப் பேர அனுப்பிட்டாங்க. அடுத்தது யாருன்னு தெரியாமத்தான் தெனம் போயிட்டு வர்றேன். இங்க வாங்கின வீட்டு லோன் வட்டி ஏறிக்கிட்டே போவுது. வேலை போச்சுன்னா விசாவும் போச்சு. அந்த வீட்டுல ஏதாவது வாடகை வந்துச்சுன்னா கொஞ்சம் மூச்சு விடலாம்."

"அப்போ நானு?"

"உங்கள அப்படியே விட்டுடுவேனா? புக்கிட் பெருவாங்ல ஒரு வீடு இருக்கும்மா. நல்லா விசாரிச்சுட்டேன். உங்கள மாதிரி நாலஞ்சு பேரு இருக்காங்க. சமைக்க ஆளு, பார்த்துக்க ஆளு, எல்லாம் உண்டு."

"என்னை மாதிரின்னா?"

அவன் பேச்சைத் திருப்பினான்.

"போன வருசம் பாத்ரூம்ல விழுந்தீங்க. நளினி அக்கா பார்க்கலைன்னா என்ன ஆயிருக்கும்? நீங்க போன் எடுக்கக் கொஞ்சம் லேட் ஆனாலே எனக்கு வேலையே ஓட மாட்டேங்குதும்மா. சத்தியமா."

அது பொய் இல்லை என்று மங்களத்துக்குத் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். அவன் பயமும் நிஜம், அவன் கணக்கும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டு, "பாய், பழசையே மாட்டிடுங்க" என்றாள்.

ஹனிபா ஸ்க்ரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "மாட்டலாம்க்கா. ஆனா தம்பிதான் சொல்லியிருக்காரு..." என்று இழுக்கும்போதே அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். "ஆமா தம்பி... இல்ல தம்பி, எனக்குத் தெரியாதுல்ல... நீங்களும் அம்மாவும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, என்னை நடுவுல விட்டுடாதீங்க" என்று சொல்லி வைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பழசோ புதுசோ, ஏதாவது ஒண்ண மாட்டித்தான் ஆகணும். வயரை இப்படித் தொங்கவிட்டுட்டு என்னால போக முடியாது."

மங்களத்துக்கு முதுகெல்லாம் வேர்த்து ரவிக்கை ஒட்டியது. கைலியின் மேல் பழைய மோட்டார் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பளபளவென்று புது இறக்கைகள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. கோயில் பெண்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. புக்கிட் பெருவாங்கில் யாரோ வீட்டுக் கட்டில் ஒன்று, தலைமாட்டில் யாரோ ஒருத்தியின் மருந்துப் பாட்டில். அதையும் நினைத்துப் பார்த்தாள். வீட்டில் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

மறுபடி போனை எடுத்தாள்.

"ஹோம்ஸ்டேன்னா கூட்டறது, தொடைக்கறது, விரிப்பு துவைக்கறது, கக்கூஸ் கழுவறது, இதெல்லாம் யாரு செய்வா?"

"அதுக்கெல்லாம் ஏஜென்ட் ஆள் போடுவாங்கம்மா."

"ஆள் எதுக்கு? என்னைப் போடு."

"அம்மா!"

"கீழ இருக்கறத நானே பார்த்துக்கறேன். மாடிக்கு மெதுவா ஏறி எறங்கிக்கறேன். பின்னாடி ஸ்டோர்ல படுத்துக்கறேன். வர்றவங்க கண்ணுல பட மாட்டேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சீ, என்னம்மா பேசறீங்க, நீங்க போய் கக்கூஸ் கழுவறதா என்று அவன் கத்தப்போகிறான். கத்தட்டும். அந்த ஒரு கத்தலுக்காகத்தான் அவள் அவ்வளவு நீளமாகச் சொன்னாள். போனுக்குள் யாரோ ஊதும் விசில் கேட்டது. பிள்ளைகளின் கிளாஸ் முடிகிறது போலிருக்கிறது.

"ஸ்டோர்ல எடம் பத்துமாம்மா?" என்றான் புவனேஷ்.

"பத்தும்."

"அப்போ... முதல்ல ஒரு மூணு மாசம் அப்படிச் செஞ்சு பார்ப்போமா? முட்டி வலிச்சா உடனே சொல்லிடணும், சரியா? ஸ்டோருக்கு ஒரு டேபிள் ஃபேன் அனுப்பறேன். ராகினிகிட்டயும் பேசிட்டுச் சொல்றேன்மா. தேங்க்ஸ்மா. உண்மையிலேயே பெரிய உதவி."

அவன் குரலில் பாரம் இறங்கியிருந்தது. ரொம்ப நாளாக அவ்வளவு லேசாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

ஹனிபா ஒன்றும் கேட்காதவர் மாதிரி ஏணியின் காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுச மாட்டுங்க பாய்" என்றாள்.

மாட்டி முடித்து மெயினைப் போட்டதும் அது சத்தமே இல்லாமல் சுற்றியது. ரிமோட்டை அவளிடம் நீட்டி, எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றார். கிளம்பும்போது பழைய காற்றாடியை என்ன செய்வது என்று கேட்டார். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடச் சொன்னாள். டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அவர் அதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். தூசியைக் கூட்டி அள்ளியபோது, இது ஹோம்ஸ்டே கணக்கில் சேர்ந்த வேலையா, சேராத வேலையா என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் சேர்த்து வெளியே கொட்டினாள்.

கோயிலில் கேட்டவர்களுக்கு, மகனுக்கு அங்கே பதவி உயர்வு வந்துவிட்டது, அதனால் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லி வைத்தாள். ஒருத்தி, "பின்ன வீட்டுல யாரு யாரோ வந்து தங்கறாங்களாமே?" என்று கேட்டாள். "மகனோட கூட்டாளிங்க" என்றாள் மங்களம். கேட்டவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இந்த முறை சுகமாக இருந்தது யாருக்கு என்று மங்களத்துக்குத் தெரிந்தது.

முதலில் வந்தது பூச்சோங்கிலிருந்து ஒரு குடும்பம். அவர்கள் இருந்த இரண்டு நாளும் மங்களம் ஸ்டோரிலும் பின்வாசலிலுமே இருந்தாள். துண்டு கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தாள். சுடுதண்ணீர் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தாள். அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் புவனேஷ் ஒரு படத்தை அனுப்பி, கீழே கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தான். படத்தில் நட்சத்திரங்களும் அதற்கடியில் இங்கிலீஷில் நாலு வரியும் இருந்தன. மூக்குக் கண்ணாடி உள்ளே இருந்தது. மங்களம் வேலிப் பக்கம் போய் நளினியிடம் போனை நீட்டினாள்.

"என்ன போட்டிருக்காங்கன்னு படி."

நளினி படித்தாள். "அஞ்சு ஸ்டாரு குடுத்திருக்காங்கக்கா! வீடு ரொம்ப சுத்தமா இருக்குன்னு போட்டிருக்காங்க. பிள்ளைங்களோட வர்றவங்களுக்கு வசதியா இருக்காம். அப்புறம்..."

அவள் கண் கடைசி வரியில் நின்றது.

"அப்புறம், வீட்டுக்காரம்மா ரொம்ப நல்லவங்கன்னு எழுதியிருக்காங்க."

மங்களம் போனைத் திரும்ப வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். இத்தனை வருசம் தொழிற்சாலையில் இருந்தவளுக்கு அந்தக் கடைசி வரியில் இருந்த 'கிளீனர்' என்ற எழுத்தை அடையாளம் தெரியாதா? துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையின் கதவில் அது பெரிதாக எழுதியிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போவாள்.

நளினி துணி கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

"நல்ல சனங்கதான்" என்றாள் மங்களம். "பிள்ளைங்கதான் பிஸ்கட்ட மெத்தையெல்லாம் கொட்டிட்டுப் போயிருச்சுங்க. நாளைக்கு வேற ஆளுங்க வராங்க. இன்னும் மேல கூட்டல."

போனை மடியில் செருகிக்கொண்டு, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள்.